ஏழு வாக்கியங்களிலும் அப்பா

"ஒரே வார்த்தைக்குப் பத்து அர்த்தமா! இந்தப் பாஷைய நீ எங்க படிச்சு முடிக்கப் போற?"

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, வங்காளத்தில் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அப்பா இப்படிக் கேட்டார். நான் லேக் கார்டன்ஸில் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்த புதிது. 'பிக் அப்' என்ற சொல்லின் பொருள்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

"உங்களுக்குப் புரியாதுப்பா. இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்" என்றேன்.

அவர் கேலியாகத்தான் கேட்டிருந்தார். நான் கேலியாகச் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே ஒடிசாவில் பாராதீப் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இங்கே வேலை குறைந்துவிட்டதுதான் காரணம் என்றாள் அம்மா. தினமும் அம்மாவின் போனில்தான் பேசுவார். "பாப்பா சாப்பிட்டாளா?" என்று அவர் விசாரிப்பது ஸ்பீக்கரில் எனக்குக் கேட்கும். நான் போனை வாங்கமாட்டேன். அவரும் கொடுக்கச் சொல்லமாட்டார். துர்கா பூஜைக்கும் அவர் வரவில்லை. அவர் சட்டை மாட்டும் ஆணியில் வேறெதையும் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

பூஜை விடுமுறை முடிந்து வகுப்பு திறந்ததும் டீச்சர் அதே 'பிக் அப்' சொல்லைக் கொடுத்தார். பொருளுக்கு ஒன்றாகப் பத்து வாக்கியங்கள் எழுத வேண்டும். புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது, நம் வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும். எனக்கு ஏழுதான் வந்தது. எழுந்து நின்று வாசித்தேன்.

அப்பா லாரியிலிருந்து மூட்டை தூக்குகிறார். பள்ளிக்கூட வாசலில் நின்று என்னை அழைத்து வருகிறார். வழியில் ஜிலேபி வாங்குகிறார். காற்று வலுக்கிறது, அப்பா தார்ப்பாயோடு ஓடுகிறார். நான் விழுந்தால் நானாக எழுந்துகொள்ளும்வரை பக்கத்தில் நிற்கிறார். பெங்காலியும் இந்தியும் யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்டார். மணி அடித்ததுமே போனை எடுத்துவிடுவார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பெஹாலாவிலிருந்து வரும் பெண் சிரித்தாள். "ஷொபி தோ பாபா!" எல்லாமே அப்பாதானே என்று.

எழுதும்போது அது எனக்குத் தெரியவே இல்லை. வகுப்பே சிரிக்க, நான் அந்த ஆறாவது வாக்கியத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களுக்குப் புரியாது என்று நான் யாரிடம் சொன்னேனோ, அந்த மனிதர் மூன்று மொழிகளில் சண்டை போடுவார், மூன்று மொழிகளில் ஆட்களைச் சிரிக்க வைப்பார்.

வகுப்பு விட்டதும் பஸ் நிறுத்தத்திலிருந்தே அப்பாவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன பாப்பா? அம்மாவுக்கு ஏதாவது...?"

"ஒண்ணுமில்லப்பா. ஒரு பாடம் ஒப்பிக்கணும்."

ஏழையும் தமிழில் சொன்னேன். மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் வாய் வரவில்லை. அந்தப் பக்கம் கிரேன் சத்தம்தான் கேட்டது. பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"ஜிலேபி இல்ல, சிங்காரா சமோசா. ஜிலேபி வாங்கினா உங்கம்மா திட்டுவா. பத்து அர்த்தம்னு படிச்சியே, மிச்சம் மூணு எங்க?"

"தெரியலப்பா."

"அப்ப படிச்சவங்களுக்கும் புரியலன்னு சொல்லு!"

அவர் சிரித்தார். நான் அழுதேன். என் பஸ் வந்தது, நின்றது, போயும் விட்டது.

படிப்பு என்னை அவரைவிட உயரத்தில் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை எவ்வளவு தூரத்தில் நிற்க வைத்திருந்தேன் என்பது அந்தக் கிரேன் சத்தத்தில்தான் தெரிந்தது. இன்றும் பெருமை தலைக்கேறும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது.

இந்தச் சனிக்கிழமை பாராதீப் போக டிக்கெட் எடுத்துவிட்டேன். நோட்டைப் பையில் வைத்தாயிற்று, மூன்று வரிகள் காலியாகவே இருக்கின்றன.