அம்மாளாச்சி என்று கூவிக் குதித்தேன்

அன்பான அடியவர்களே, போன ஆவணி மாதம் ஒரு நீச்சல் தடாகத்தின் விளிம்பில் நின்று, எல்லோரும் பார்க்க அழுதேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

என் பெயர் தர்சிகா. ஊர் அக்கராயன். அப்பா வயல் செய்கிறார். விமானப் பணிப்பெண்ணாக வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் ஆசை. கொழும்பில் நடந்த தேர்வில், நுனிக்காலில் எம்பிக் கையை நீட்டிச் எட்டும் உயரம் பார்க்கச் சுவரில் கீறியிருந்த கோட்டைத் தொட்டபோதும், ஆங்கிலக் கேள்விகளுக்குச் சிரித்தபடி பதில் சொன்னபோதும் எங்கள் ஊர் அம்மன், அம்மாளாச்சிதான் என் பக்கத்தில் நின்றாள். தெரிவாகிவிட்டேன்! பயிற்சி வளைகுடா நாடொன்றில்.

ஊரில் பலர் நினைப்பதுபோல இது வடிவாக உடுத்திக்கொண்டு சாப்பாடு கொடுக்கிற வேலை மட்டும் இல்லை. புகை நிறைந்த அறைக்குள் தவழ்ந்தோம். தீயை அணைத்தோம். மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கப் பழகினோம். விமானக் கதவைத் திறந்து, தொண்டை கிழியக் கத்திப் பயணிகளை வெளியேற்றினோம். எனக்கு எல்லாமே பிடித்தது. தினமும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே மூச்சு வாங்கும்.

பிறகு தண்ணீர் வந்தது.

விமானம் கடலில் இறங்கினால் என்ன செய்வது என்ற பயிற்சி. உயிர்காப்பு அங்கியோடு குதித்து, இன்னொருவரை இழுத்துக்கொண்டு நீந்தி, மிதவையில் ஏற்ற வேண்டும். எனக்கோ தண்ணீரைக் கண்டாலே உடம்பு விறைத்துவிடும். ஆறு வயதில், போர்ச் சண்டைக்குள், அப்பாவின் தோளில் இருந்தபடி கடலேரிக் களப்பைக் கடந்தவள் நான். அப்பாவின் வாய்வரை தண்ணீர். அதற்குப் பிறகு குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தும் நான் அதில் இறங்கியதே இல்லை.

அன்று என் கால் அசையவேயில்லை. பயிற்சி தந்தவர் கோபிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இன்னுமொரு வாய்ப்புத் தருவதாகவும், அதிலும் முடியாவிட்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும் என்றும் சொன்னார்.

அம்மாவுக்கு அழைத்தேன்.

"அம்மா, நான் திரும்பி வாறன்."



"வா பிள்ளை. ஆர் வேண்டாமெண்டது? ஆனா வெள்ளிக்கிழமை ஒருக்காக் குதிச்சிட்டு வா. நான் கோயிலிலை நிப்பன்."

சூட்கேசுக்குள் இருந்த அம்மன் படத்தை எடுத்து மடியில் வைத்தேன். எனக்கு மந்திரம் ஒன்றும் வரவில்லை. "தாயே, என்னாலை ஏலாது. ஆரையாவது அனுப்பு" என்று மட்டும் கேட்டேன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், தோளில் துவாயோடு இனோகா அக்கா. எங்களோடு பயிற்சி பெற்ற சிங்களப் பெண். கரையோரக் கொக்கிளாய்க்காரி; தமிழும் கதைப்பார். அதுவரை நான் அவரோடு அளவாகத்தான் கதைத்திருந்தேன். சண்டைக்குள் இரண்டு பக்கமாக வளர்ந்தவர்கள் நாங்கள்; ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"வா தங்கச்சி, கீழ தண்ணிக்குப் போவம்" என்றார். "எங்கட அப்பா கடலுக்குப் போற ஆள். எனக்குத் தண்ணி நல்லாத் தெரியும்."

விடுதியின் சிறிய தடாகத்தில் என் முதுகுக்குக் கீழே கையை வைத்துத் தாங்கினார். நான் அவர் கழுத்தை நெரிக்காத குறை.

"தண்ணிக்கு உன்னைத் தூக்கத் தெரியும். நீ சும்மா இரு. மேல பார்."

வெள்ளிக்கிழமைவரை ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான். அவர் எப்போது கையை எடுத்தார் என்றே எனக்குத் தெரியாது. மிதந்துகொண்டிருந்தேன்!

வெள்ளிக்கிழமை விளிம்பில் நின்றேன். கீழே, காயப்பட்ட பயணியாக நடிக்க இனோகா அக்காவே தண்ணீரில் கிடந்தார். "அம்மாளாச்சி!" என்று கட்டடமே அதிரக் கூவினேன். குதித்தேன்! மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். ஆனாலும் அக்காவின் அங்கியை எட்டிப் பிடித்தேன். இழுத்தேன். மிதவையில் ஏற்றினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பிறகு குதித்த கென்யாப் பிள்ளையும் பிலிப்பைன்ஸ் பிள்ளையும் "அம்மாளாச்சி!" என்று கத்திக்கொண்டே குதித்தார்கள். அங்கே அன்று அம்மனின் பெயர் எத்தனை வாயில் ஒலித்தது தெரியுமா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்து கோயிலில் பொங்கல் வைத்தோம். இனோகா அக்காவும் பஸ் ஏறி வந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்தபடியே நின்றா.

இப்போது நான் பறக்கிறேன். போன மாதம், வீட்டு வேலைக்காக முதல் தடவை வெளிநாடு போன முல்லைத்தீவு அம்மா ஒருவர், விமானம் மேலெழும் முன்பே கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயமாக் கிடக்கு பிள்ளை."

"ஓமம்மா, எனக்கும் இருந்தது. கையைத் தாங்கோ" என்று என் கையை நீட்டினேன்.

அடியவர்களே, பயம் போகட்டும், பிறகு கேட்போம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே தாயிடம் கேளுங்கள். கட்டாயம் அனுப்புவாள். யாரை அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.