கழற்றக் கூடாத வளையல்

போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு எனக்கு வளைகாப்பு போட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இதுவாவது தங்குமா என்ற பயம். அதற்கு மேல் களைப்பு.

செமோர் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றதோடு அங்கிருந்த கிளினிக்கும் போய்விட்டது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் கையுறை ஃபேக்டரியில் லீவு கேட்க வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் லாரியில் போனால் திரும்ப நாளாகும். போகாமலே விட்டேன். எட்டாம் மாதம் கைகால் வீங்கியது. தலைவலி மண்டையைப் பிளந்தது.

"கைகால்ல நீர் எறங்குது. மாசம் ஏறினா அப்படித்தான், நல்லதுலா," என்றார் மாமியார்.

வேலை முடிந்து வீட்டுச் சாமி மேடை முன் உட்கார்ந்தால் சாமி பாட்டுகூட வராது. "ஆத்தா, என்னால முடியல. பிள்ளைய மட்டும் விட்டுடாதே." அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியும் நம் மாரியம்மன் கோயில் கமிட்டியும் பேசி, வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னால் மண்டபத்தில் ஒரு நர்ஸ் உட்கார ஏற்பாடு செய்திருந்தார்கள். நாம் மிஸ்ஸி என்போமே, அவர்தான். நான் அதற்காகப் போகவில்லை. மாமியாரோடு சாமி கும்பிடத்தான் போனேன். மிஸ்ஸிக்கு உதவியாக நின்ற ஜானகி அக்கா என் கையைப் பார்த்தார். வளைகாப்பு வளையல் சதையில் புதைந்து கிடந்தது.

"இப்படி இறுக்குதே, கழட்டலையா?"

"பிள்ளை பொறக்குற வரைக்கும் கழட்டக் கூடாதுலா அக்கா."

அவர் என்னை மிஸ்ஸியிடம் இழுத்துப் போனார். பிரஷர் பார்த்த மிஸ்ஸியின் முகம் மாறியது. "இப்பவே வார்டுக்குப் போகணும். விட்டா வலிப்பு வந்துடும். ரெண்டு உசுருக்கும் ஆபத்து." வளையலையும் கழற்றச் சொன்னார்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கழற்ற விடவேயில்லை. ஜானகி அக்கா கோபப்படவில்லை. "அம்மா, மாரியாத்தா கையில போட்டுடுவோம். பொறக்குற வரைக்கும் அவ போட்டிருக்கட்டும்."

மாமியாரே சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்.

கமிட்டி வேனில் ஈப்போ போனோம். வழியெல்லாம் கண் மங்கியது. ஆப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழுகுரல் கேட்டதும் நானும் அழுதேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜானகி அக்காவோடு நானும் நிற்கிறேன். பிள்ளை என்னைத் தூங்கவிடுவதில்லை. இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறேன். ஆனால் இது நான் கேட்டு வாங்கிய களைப்பு. உங்களுக்கும் முடியவில்லையென்றால் ஆத்தாவிடம் அப்படியே சொல்லுங்கள். அவள் ஆள் அனுப்புவாள். வந்தவரிடம் கையை ஒளிக்காமல் நீட்டுங்கள்.