ஸ்பிரிங்வெளி வளைவுகளும் ஒரு கால் குளிசையும்

போன சித்திரைப் பள்ளி விடுமுறையில் பண்டாரவளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போனோம். என் நாத்தனார் மகளுக்குப் பூப்புச் சடங்கு. தாய்மாமன் சீர் பத்தரைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால் எங்க வீட்டுக்காரர் காலை ஐந்தே முக்காலுக்கே தட்டுகளோடு வேன் ஏறிவிட்டார். நானும் நான்கு வயது மகள் யாழினியும் பின்னால் பஸ்ஸில்.

மலைப்பாதையில் யாழினிக்கு வாந்தி வராத பயணமே கிடையாது. அதற்கெல்லாம் நான் கலங்குகிற ஆளில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பயணக் குளிசையை, அதாவது வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரையை, குடும்பமே பங்கு போட்டுக்கொள்ளும். நகத்தால் கிள்ளி, பெரியவர்களுக்குப் பாதி, பிள்ளைகளுக்குக் கால். என் அம்மா எனக்குக் கொடுத்தார், நான் என் மகளுக்குக் கொடுத்தேன். மேசை லாச்சியை இழுத்தேன். பாமசிக்காரர் எப்போதோ தந்த வெள்ளைக் கவர் கிடந்தது. மருந்தின் பெயர் இல்லை, '1' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆறு நாற்பதுக்குக் கால் பங்கைக் கிள்ளித் தேனில் குழைத்துக் கொடுத்தேன். கால் என்ன கால், கண்மதிப்புத்தான்!

ஏழு பத்துக்குப் பஸ். பதுளைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், எனக்கு டிக்கெட் 130 ரூபா. நேரம் இருப்பவர்கள் ரயிலில் போங்கள், குலுக்கல் குறைவு. எல்ல தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிப்போனாள். ஒரு பொட்டு வாந்தி இல்லை. "பாத்தீங்களா, நம்ம வைத்தியம்!" என்று பக்கத்து சீட் அம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

எட்டரைக்குப் பதுளை. பஸ் நிலையத்தில் ராசிக் நானாவின் ஆட்டோவை ஸ்பிரிங்வெளிக்கு 1,500 ரூபாவுக்குப் பேசினேன். ஊருக்குப் புதியவர்கள் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஏழாவது கிலோமீட்டரில், தேயிலைக்கு மேலே நமுனுகுல மலை முழுசாகத் தெரியும் ஒரு வளைவில், நானா வண்டியை நிறுத்தினார்.

"போட்டோ எடுங்க தங்கச்சி. புள்ளைக்கும் காட்டுங்க."

எழுப்பினேன். எழவில்லை. கன்னத்தைத் தட்டினேன். தலை என் கையிலிருந்து வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

"குளிசை குடுத்தேன் நானா, அதான் அசந்து தூங்குது."

நானா இறங்கி வந்து பார்த்தார். "எனக்கும் மூணு புள்ள இருக்கு. தூங்குற புள்ள தட்டுனா சிணுங்கும். இது சிணுங்கக்கூட இல்லயே. நான் வண்டியத் திருப்புறேன்."

இன்னும் ஐந்து கிலோமீட்டரில் சடங்கு வீடு. அங்கே போய்ப் பார்க்கலாமே என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, அந்த மனுஷன் என்னைக் கேட்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் மூக்கடியில் விரலை வைத்தபடியே போனேன். மூச்சு வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஆற அமர வந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. மூன்றே கேள்விதான். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எப்போது? எனக்கு எப்போது என்பது மட்டும் தெரியும். வெள்ளைக் கவரை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பேரே இல்லையேம்மா. நான் எதுக்குன்னு வைத்தியம் பாக்குறது?" என்றார். "வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லவே இல்ல மிஸ்" என்று அடித்துச் சொன்னேன். சந்தேகத்துக்கு வீட்டுக்காரருக்கு போனில் ஒரு கோல் எடுத்தேன்.

"ஆமா, காலையில மூக்கு ஒழுகுச்சேன்னு தடுமல் பாணி ரெண்டு கரண்டி குடுத்தேனே" என்றார் அவர். "நீ குளிச்சிக்கிட்டு இருந்த, சொல்ல மறந்துட்டேன்."

அந்தப் பாணியும் தூக்கம் தருவது, பயணக் குளிசையும் தூக்கம் தருவது. இரண்டும் சேர்ந்து நான்கு வயது உடம்பில் இறங்கியிருக்கிறது. விரலில் கிளிப் மாட்டி, மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணிக்குத்தான் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள். வீட்டுக்காரரும் தட்டுகளை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார். சீர் வரிசையை யாரோ தூக்கினார்களாம், எனக்கென்ன போச்சு!

இந்தப் பாதையில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, பட்டு வந்தவள் சொல்கிறேன். பெரியவர்களின் குளிசையைக் கிள்ளிக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் வயதையும் எடையையும் சொல்லி டாக்டரிடமோ பாமசியிலோ அளவு கேளுங்கள். சில பயண மருந்துகள் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாதாம். கவரில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் வாங்காதீர்கள். பயணக் குளிசை பெரும்பாலும் புறப்பட அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் போடுவது. வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை. தடுமல் மருந்து, தூக்கக் குளிசை, சாராயம், எதோடும் சேர்க்காதீர்கள். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். கர்ப்பிணிகள், கண் அழுத்தமோ சிறுநீர் அடைப்போ உள்ளவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம். காய்ச்சலோடு, வயிற்றோட்டத்தோடு வருகிற வாந்திக்கு இது மருந்தே இல்லை. பிள்ளையைத் தட்டி எழுப்ப முடியவில்லையா, கவரையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டில் யார் மருந்து கொடுத்தாலும் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகும் பயணம் போகலாம், தைரியமாகப் போகலாம். நாங்களே போனோம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று விட்டதும், சடங்குப் பிள்ளையைப் பார்க்க நானாவே வந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏற்றிக்கொண்டார். மருந்து எதுவும் இல்லை. யாழினியை முன்பக்கம் பார்த்து உட்கார வைத்து, மெதுவாக ஏறினோம்.

நான்காவது கிலோமீட்டரில் என் புதுப் பட்டுச்சேலை முழுக்க வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, "அம்மா, நாறுது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சத்தமாக, கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுதாள். நான் அவளை அந்தச் சேலையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, "அழுடி என் தங்கம், நல்லா அழு" என்றேன்.