ஓரம் வெட்டிய ஆய்வேடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், ஐப்பசி மழைக்காலம். அப்போது நான் சென்னையில் தத்துவத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதித் தேறுகிற எம்.ஏ. இல்லை, ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டிய எம்.ஏ. எழுத அமைதி வேண்டுமென்று ஆம்பூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த மூன்று மாதத்தில் மனைவியின் முகத்தைவிட மைக்கூட்டைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

என்ன ஆராய்ச்சி என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்குத் திண்டாட்டம்தான். 'எனக்குக் கை எரிகிறது' என்று நான் சொன்னால் அது எனக்கு நேராகத் தெரியும். 'அவனுக்குக் கை எரிகிறது' என்கிறேனே, அது எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாக்கியத்துக்கு என்னதான் பொருள்? இதைப் பிரித்துப் பிரித்து அலசி இங்கிலீஷில் எண்பத்து நான்கு தாள் எழுதியிருந்தேன். பிறர் வலியை நாம் நேராக அறிய முடியாது, வெளியே தெரிகிற அடையாளத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும் என்பது என் முடிவு. தாளுக்கு ஒரு கருத்து. மேல் மூலையில் சிவப்பு மையில் எண். ஒரு தாளை இடம் மாற்றினாலும் மொத்த வாதமும் சரிந்துவிடும் என்று பேராசிரியரிடம் மார்தட்டியிருந்தேன். ஊரிலிருந்து புறப்பட்ட நாளுக்கு மறுநாள் காலையில் அதை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு வருஷம் வீண்.

புறப்படுகிற அன்று காலை தாள்களைப் பைக்குள் வைக்கப் போனவன் திடுக்கிட்டேன். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கத்தரிக்கோலால் சின்னச் சின்ன வெட்டு. மேல் ஓரத்தில் சில, வலது ஓரத்தில் சில. எலி கடித்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. மனைவியின் வேலை என்று தெரிந்ததும், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"இது இன்னா உங்கப்பா எறக்குற தோலா, ஓரத்த ஓரத்த வெட்டி வைக்க?" என்று கத்தினேன்.

மாமனார் தோல் பதனிடும் கூடத்தில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்பவர். அவள் ஒன்றும் பேசவில்லை. குடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டேஷனுக்கு ஜட்காவில் கிளம்பினேன். பாதி வழியில், மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு சரி. பைதான் தண்ணீரில் விழுந்து வாய் திறந்து, தாள்கள் மிதக்க ஆரம்பித்தன. நானும் ஜட்காக்காரரும் முழங்கால் தண்ணீரில் நின்று ஒன்று விடாமல் பொறுக்கினோம். "பேஜாரா போச்சே சார், வீட்டுக்கே திருப்பட்டுமா?" என்றார் அவர். ரயில் அதற்குள் போய்விட்டிருந்தது.

வீட்டில் அவள் பையை வாங்கிக்கொண்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் பழைய வேட்டியை விரித்து ஒவ்வொரு தாளாகப் பரப்பினாள். கறுப்பு மையில் எழுதியது கொஞ்சம் கலங்கினாலும் படிக்க முடிந்தது. சிவப்பு எண்கள் மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை. மூலையில் ரோஸ் கலரில் ஒரு கறை, அவ்வளவுதான்.

எழுதியவனுக்கு வரிசை தெரியாதா என்று அடுக்க உட்கார்ந்தேன். பகல் சாப்பாட்டு நேரம்வரை பதினோரு தாள்தான் தேறியது. மீதியில் எதை எதற்குப் பின்னால் வைத்தாலும் பொருத்தமாகவே இருந்தது. இதைத்தான் அசைக்க முடியாத வாதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனா என்று அவமானமாக இருந்தது. சாயங்கால ரயிலையும் விட்டால் எல்லாம் முடிந்தது.

"நான் அடுக்கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

எண்களைத் தவிர இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாதவள். நகர்ந்து இடம் விட்டேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை. ஓரத்தை விரலால் தடவினாள். மேல் ஓரத்து வெட்டு ஒவ்வொன்றும் பத்து, பக்கத்து வெட்டு ஒன்று. மேலே மூன்று, பக்கத்தில் ஏழு என்றால் முப்பத்தேழு. அரைமணி நேரத்தில் எண்பத்து நான்கும் வரிசையில் வந்துவிட்டன.

"தொட்டில எறக்குற தோலுக்கு மையில நம்பர் போட்டா நிக்காதுங்க, சுண்ணாம்பு தின்னுடும். அதான் ஓரத்துல கத்தியால அடையாளம் வெட்டுவாங்க. மழைல போறீங்களே, செகப்பு மை கரைஞ்சிட்டா இன்னா பண்ணுவீங்கன்னுதான்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

ஓரிடத்தில் மட்டும் இரண்டு தாள் இடம் மாறியிருப்பதாக எனக்குத் தோன்றியது. "இல்லீங்க, இதான் முன்ன" என்றாள். படித்துப் பார்த்தேன். அவள் வைத்ததுதான் சரி. பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் வலியின் அடையாளமே என்று அந்தத் தாளில் நானே எழுதியிருந்தேன்.

தாளைக் கீழே வைத்துவிட்டு, "காலைல நான் கத்துனது வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"வலிக்காதா?" என்றாள். "எங்கப்பாவ இழுத்தீங்களே, அதான் ஜாஸ்தி" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மறுபடி நனையுதுங்க" என்று தாள்களைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், வண்டியைத் தோல் கூடத்து வாசலில் நிறுத்தி மாமனாரைக் கூப்பிட்டேன். அவர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். விரலெல்லாம் சுண்ணாம்பில் வெளுத்து, வெடித்திருந்தது. என் ஆய்வேட்டில் முதல் தாளிலிருந்து எரிந்துகொண்டிருந்த கை இதுதான். அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"கை எரியுதா மாமா?"

"எரியாம இருக்குமா மாப்ள. இதக் கேக்கவா வண்டிய நிறுத்துனீங்க?" என்று சிரித்தார்.

ஆய்வேட்டை நேரத்துக்குக் கொடுத்தேன், பட்டமும் கிடைத்தது. பிறர் வலியை நேராக அறிய முடியாது என்று நான் எழுதியதில் தப்பிருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வீட்டில் யாராவது பேசாமல் எழுந்து உள்ளே போனால், நான் ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பின்னாலேயே எழுந்து போய்க் கேட்டுவிடுகிறேன்.