கட்டத்துக்குத் தெரியாத கூரை

கொத்தனாருக்குப் பேத்தி பிறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. அன்றிலிருந்து மனிதரின் கால் தரையில் பாவவில்லை. கலவை குழைக்கும்போதுகூட, "கொட்டாவி விட்டா பாருங்க, அப்படியே எங்கம்மா" என்று பக்கத்தில் நிற்பவரிடம் ஆரம்பித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டாள்.

"அப்பா, நாங்க வேற ஊருக்குப் போயிடலாம்னு இருக்கோம். உங்க மாப்பிள்ளை அங்க கீழ்த்தளத்துல ஒரு வீடு பார்த்திருக்கார். சாயங்காலம் பதில் சொல்லணும்."

"ஏம்மா, இங்க என்ன குறைச்சல்?"

"மாடி ரூம் அடுப்பா கொதிக்குது. பச்சப்புள்ளை எப்படித் தாங்கும்? இதையும் பாருங்க."

மகளுக்கு நகராட்சியில் வரைபட வேலை. தொடுதிரைக் கணினியைத் திறந்து வைத்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், மஞ்சளும் ஆரஞ்சுமாக. அடியில் வருஷங்கள் எழுதிய ஒரு கோடு.

"கோட்டு மேல இருக்கற புள்ளிய தள்ளுங்க. எந்த வருஷத்துல எத்தனை நாள் கடும் வெயில் இருக்கும்னு கணக்குப் போட்டுக் காட்டும்."

கொத்தனார் கட்டைவிரலால் தள்ளினார். நகரவில்லை. முப்பது வருஷச் சிமெண்ட் அந்த விரலின் ரேகையைத் தின்றுவிட்டிருந்தது.

"என்னைய மனுஷனாவே மதிக்கலயே இது!"

மடியில் கிடந்த பேத்தி அந்த நேரம் பார்த்துக் காலை உதறினாள். குதிகால் திரையில் பட்டது. புள்ளி முப்பது வருஷம் தாவி ஓட, படத்தில் பாதி குப்பென்று சிவந்தது.

"பாத்தியா! தாத்தா தள்ளினா அசையல, இவ உதைச்சா காலமே ஓடுது. அப்ப இவளுக்கு வயசு முப்பதா?"

"விளையாடாதீங்கப்பா. நம்ம கட்டம் எவ்வளவு சிவப்புன்னு பாருங்க."

கொத்தனார் கண்ணைச் சுருக்கினார். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அவருக்கு அது வீட்டு பிளான்தான். கட்டத்தை விரலால் அளந்தார்.

"இதுக்கு ஏன் ஊரை விட்டு ஓடணும்? பக்கத்துக் கட்டம் மஞ்சளா இருக்கு. செவுத்தை இடிச்சு நாலடி அந்தப் பக்கம் தள்ளிக் கட்டிட்டா போச்சு!"

மகள் சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டது. "ஒரு கட்டம் இருபத்தஞ்சு கிலோமீட்டர்ப்பா!"

கொத்தனாருக்கு முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் பேத்தியின் குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க போற ஊர் என்ன நிறம்?"

"அதுவும் சிவப்புதான். ஆனா வீடு கீழ்த்தளம்ல."

"சரி, நம்ம கூரை கறுப்பா வெள்ளையான்னு இந்தக் கட்டத்துக்குத் தெரியுமா?"

"அதுக்கு எப்படித் தெரியும்? வெளிய இருக்கற சூட்டைத்தான் சொல்லும்."

கொத்தனார் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒழுகுகிறதென்று அவரே பூசிய தார், கன்னங்கரேலென்று வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. ஊரார் கூரைக்கெல்லாம் வெள்ளை ஓடு பதித்த கை! தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஒரே ஒரு வாரம் பதிலைத் தள்ளி வைம்மா. அப்புறம் உன் இஷ்டம்."

அந்த வாரம் வெளிவேலை எதையும் அவர் தொடவில்லை. தாரைச் சுரண்டி, வெள்ளை ஓடு பதித்தார். மாடி ரூமின் எதிரெதிர்ச் சுவர்களில் காற்று ஓட இரண்டு திறப்பு விட்டார். அடுத்த ஞாயிறு மத்தியானம் வெளியே அதே வெயில். உள்ளே முன்பு முப்பத்தெட்டு டிகிரி காட்டிய வெப்பமானி முப்பத்துநாலில் நின்றது.

மருமகன் நாற்காலி மேல் ஏறி உள்கூரையைத் தொட்டுப் பார்த்தான். "மாமா, சுடவே இல்லையே!"

மகள் வெப்பமானியை இன்னொரு தடவை பார்த்தாள். போனை எடுத்தாள். "அந்த வீட்டை வேற யாருக்காவது கொடுத்துடுங்க, நாங்க வரல" என்றாள்.

கொத்தனார் பேத்தியைத் தூக்கிக் கூரையைக் காட்டினார்.

"படத்துல இருக்கற வெயில் வரத்தான் போகுதுடி தங்கம். ஓடு அழுக்கானா சூடு ஏறும், கழுவி விடணும். உனக்கு முப்பது வயசாகறப்ப அது உன் வேலை, சொல்லிட்டேன்!"

அவள் கொட்டாவி விட்டாள். அப்படியே அவர் அம்மா.