ஐஸ்காரரின் இடது கண்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு ஐஸ்காரர் என்று பெயர். அவர் ஐஸ் விற்றதில்லை. ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டை நிரப்பி வைக்கக்கூட அந்த மனுஷனுக்குத் துப்பில்லை. நெப்டியூனையும் தாண்டி, சூரியனே ஒரு பிரகாசமான நட்சத்திரமாய்ச் சிறுத்துப்போகும் தூரத்தில், பனி உருண்டைகள் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றனவாம். அவற்றைத் தேடுவதுதான் இவருக்கு உத்தியோகம். எதிர்வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம வீட்டு விசேஷத்துக்கு நாலு கட்டி சொல்லி வைங்க சார்" என்றார். இவர் கோபப்படவில்லை. "வந்து சேர ரொம்ப நாளாகுமே" என்று சிரித்தார்.

வேலை இதுதான். வானத்தில் ஒரே இடத்தைச் சில மணி நேரம் விட்டு எடுத்த இரண்டு படங்கள் திரையில் மாறி மாறி வரும். நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். ஏதாவது ஒரு மங்கல் புள்ளி மட்டும் துளி நகர்ந்தால், அது பனி உருண்டையாக இருக்கலாம். கம்ப்யூட்டரும் தேடும், அது கோட்டைவிட்டதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறவர் இவர். கல்யாணமான புதிதில், "நாள் பூரா என்னதாங்க பாப்பீங்க?" என்று கேட்டேன். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது" என்றார். நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே, "கிடைச்சுடுச்சு!" என்று கத்தினார். புதுப் புள்ளியாம், மெல்ல நகர்கிறதாம். ஆனால் அவருடைய பிரிவுத் தலைவியம்மா பார்த்தபோது அங்கே ஒன்றையும் காணவில்லை. மறுநாள் வேறு படங்களில் இன்னொரு புள்ளி. ஆபீஸே வந்து எட்டிப் பார்த்தது. யாருக்கும் தெரியவில்லை. "சார், ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்குங்க" என்றாராம் அந்தம்மா. பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள். "அவங்களுக்கெல்லாம் கண்ணே இல்லை" என்று என்னிடம் வந்து பொருமினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்தானே!

நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். அவருடைய ஆபீஸுக்கு அடுத்த தெரு என்பதால் மதியம் அங்கேதான் சாப்பிட வருவார். அந்த வாரம் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே, கொடியில் தொங்கிய வெள்ளைப் படுக்கை விரிப்பைக் காட்டி, "அதுல ஒரு கறை இருக்கு பாரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் வெளுத்ததுல கறையா? எங்க?"

"அதோ... நகருது."

கறை நகருமா? போய் விரிப்பைத் தடவிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. "வலது கண்ணை மூடுங்க" என்றேன். இருக்கிறது என்றார். "இப்ப இடது கண்ணை மூடுங்க." கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "இப்ப இல்லை" என்றார். அத்தனை நாள் வானத்தில் தேடியது அவருடைய கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அன்றைக்கே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். விழித்திரையில் கிழிசல், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் திரையே கழன்று பார்வை போயிருக்கும் என்றார் டாக்டர். லேசர் வைத்து ஒட்டினார்கள். கண் பிழைத்தது. ஆனால் உள்ளே மிதக்கும் தூசு முழுதாய்ப் போகாதாம், பழகிக்கொள்ள வேண்டியதுதானாம்.

கண் பிழைத்ததே தவிர, மனுஷன் பிழைக்கவில்லை. வேலைக்குத் திரும்பிப் போனார். ஒரு புள்ளியைக்கூடக் குறித்துக் கொடுக்கவில்லை. "தெரியறது வெளிய இருக்கா, உள்ள இருக்கான்னு எனக்கே நம்பிக்கையில்லை. வேற வேலைக்கு மாத்திக் கேக்கப்போறேன்" என்றார். அவருக்கு வேறு என்ன வேலை தெரியும்? அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதை மறைக்க இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.

ஒரு நாள் காலையில் கடைக்குப் போன் வந்தது. "கொஞ்சம் வர்றியா?" அவ்வளவுதான். குரலே சரியில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு ஓடினேன். "வெளியாளுக்கு அனுமதி இல்லைம்மா" என்றார் வாசல் காவலாளி. "நான் வெளியாளா? உள்ள இருக்கறவரைக் கட்டிக்கிட்டவ!" என்று ஒரு சத்தம் போட்டேன். தலைவியம்மாவே வந்து உள்ளே அழைத்துப் போனார்.

இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "உக்காரு. இதைப் பாரு. எனக்கு ஒண்ணு நகர்ற மாதிரி தெரியுது. எங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

உட்கார்ந்தேன். படங்கள் மாறி மாறி வந்தன. எங்கே பார்த்தாலும் புள்ளி. எனக்குக் கண்ணீர் முட்டியது, துடைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் இந்த மனுஷன் இன்றோடு இந்த அறையை விட்டுப் போய்விடுவார். இருக்கிறது என்று பொய் சொல்லவும் வழியில்லை, எங்கே என்று கேட்பார். ஒவ்வொரு மூலையாகத் தேடினேன்.

"இதோ" என்றேன். "இந்த ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல. முதல்ல இங்க இருக்கு. அப்புறம் இந்தப் பக்கம் வருது."

"எனக்காகச் சொல்லலையே?"

"உங்களுக்காக நான் என்னைக்குங்க பொய் சொல்லியிருக்கேன்? உங்க சமையலைக்கூட நல்லாயிருக்குன்னு சொன்னதில்லையே!"

தலைவியம்மா குனிந்து பார்த்தார். "ஆமா சார், இருக்கு" என்றார். அது இவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஆபீஸில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார், என் ஐஸ்காரர். "அழாதீங்க, கண்ணுக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன்.