அட்டவணையில் இல்லாத டேப்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு அது ஆகாது என்று என் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். "இனிமே இந்த அட்டைங்க எதுக்கு டாக்டர், எடத்த அடைச்சிக்கிட்டு?" என்று பழைய அட்டைகளையெல்லாம் பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னவனும் நான்தான்.

பதிவேட்டை நகலெடுக்க ஒரு டேப் டிரைவும் அதற்கான சாஃப்ட்வேரும் போட்டேன். பாட்டு கேசட்டைவிடச் சின்னதாக ஆறு டேப்புகள், திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒன்று என்று சாஃப்ட்வேரில் அட்டவணை போட்டு, அதை ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தேன். காலையில் டேப்பை மாற்றுவது ஆபரேட்டர் பெண்ணின் வேலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவள், அதிர்ந்து பேசாதவள். முதலில் கம்ப்யூட்டருக்கு டிரைவ் இருப்பதே தெரியவில்லை, கேபிளை மாற்றினேன். பிறகு, யாராவது பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தால் சாஃப்ட்வேர் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நகலெடுத்தது. ஆஸ்பத்திரி மூடிய பின் ஓடும்படி நேரத்தைத் தள்ளினேன். அதன்பிறகு தினமும் 'வெற்றி' என்று ஒரு வரி வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஒரு டேப்பிலிருந்தாவது எதையாவது திரும்ப எடுத்துப் பார்த்தேனா என்றால், இல்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் போன் செய்தார். ஓடினேன். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். கால் வீங்கி, சீழ் வைத்து, நல்ல காய்ச்சல். முன்பு ஏதோ ஒரு ஊசியில் அவருக்கு மூச்சே நின்றுபோகப் பார்த்திருக்கிறது. எந்த ஊசி என்று அவருக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் நினைவில்லை. "ரெண்டு மருந்து ஆகாதுன்னு நானே எழுதி வச்சேன் சார். அது தெரியாம எதையும் போட மாட்டேன்" என்றார் டாக்டர். கம்ப்யூட்டரில் அந்த விவசாயியின் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் பூச்சி பூச்சியாக ஏதோ தெரிந்தது. பழைய பதிவுகள் அத்தனையும் அப்படித்தான். ஏதோ ஒரு மின்வெட்டில் கெட்டிருக்கிறது. புதிய பதிவுகள் ஒழுங்காக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

"டேப் இருக்கு, கவலைப்படாதீங்க" என்றேன். நேற்றைய டேப்பிலும் பூச்சிதான். முந்தாநாள் டேப்பிலும் அதேதான். ஆறையும் போட்டுப் பார்த்துவிட்டேன். கெட்டுப்போன பதிவேட்டை என் சாஃப்ட்வேர் ஒரு வாரத்துக்கும் மேலாக ஒழுங்காக நகலெடுத்து, ஒழுங்காக 'வெற்றி' போட்டு, நல்லதையெல்லாம் அழித்திருந்தது. பெஞ்சில் அந்த மனிதர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அட்டைகள் எங்கே பொட்டலமாகிப் போயினவோ. வழக்கம்போல் ஆபரேட்டர் பெண்மீது பாய்ந்தேன். "டேப்ப ஒழுங்கா மாத்துனியா இல்லையா?"

"மாத்துனேன் சார். திட்டாதீங்க. இன்னொரு டேப் இருக்கு" என்றாள்.

எக்ஸ்ரே பிலிம் வைக்கும் அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். மேலே பேனாவில் 'பௌர்ணமி' என்று எழுதியிருந்தது. அவசரத்துக்கென்று நான் கொடுத்திருந்த உபரி டேப்.

"பௌர்ணமின்னா பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடறாங்க. கிரிவலக் கும்பல் ஜாஸ்தி, ரெண்டு நாள் என்னால வர முடியாது. டேப் மாத்த ஆளிருக்காதேன்னு மொத நாளே இதுல ஒண்ணு எடுத்து வச்சிடுவேன். உங்க அட்டவணை இந்த டேப்ப ஏத்துக்கல, அதனால கையாலயே ஓட்டிக்கிட்டேன். அடுத்த பௌர்ணமி வரைக்கும் இத தொட மாட்டேன் சார்."

பௌர்ணமி போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. டேப் ஓடத் தொடங்கியது. முக்கால் மணி நேரம் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பதிவேடு திறந்தது. பெயர், ஊர், வயது எல்லாம் தமிழிலேயே தெரிந்தன. ஆகாத மருந்துகள் இரண்டும் கீழே இருந்தன. அவள் வாசிக்க வாசிக்க டாக்டர் வேறொரு மருந்தைச் சொல்லி நர்ஸை அனுப்பினார். அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து, அந்த மனிதர் டீ கேட்டதாக நர்ஸ் வந்து சொன்னாள். டாக்டர் என் தோளைத் தட்டி, "உங்க டேப்பு காப்பாத்திடுச்சு சார்" என்றார்.

"என்னுது ஆறும் காப்பாத்தல டாக்டர். இது இந்தப் பொண்ணோடது."

டாக்டர் போன பிறகு அவளிடம் கேட்டேன். "இத ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொல்ல வந்தேன் சார், ரெண்டு தடவ. நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க."

ஸ்டூலை விட்டு எழுந்து, அட்டவணைத் தாளைத் திருப்பிப்போட்டு, "புதுசா எப்படிப் போடலாம், நீ சொல்லும்மா" என்றேன். அவள் உட்கார்ந்தாள். நான் நின்றபடியே எழுதிக்கொண்டேன்.